லாஸ்பேட்டைக்கு ஏற்ற விமானம்

2007 ஜூலை 8 அன்று அமெரிக்காவின் எவரெட் நகரில் போயிங் நிறுவனம் தன் 787 ஜெட் விமானத்தை உலகுக்குக் காட்டியது. பளபளத்த அந்த உடலின் பல பாகங்களைத் தற்காலிக ஆணிகளே பிடித்துக்கொண்டிருந்தன. உள்ளே மின்கம்பிகளும் கருவிகளும் பெரும்பாலும் பொருத்தப்படவில்லை. அது முதன்முதலாகப் பறந்தது 2009 டிசம்பர் 15-இல். பயணிகளை ஏற்ற 2011 அக்டோபர் ஆகிவிட்டது. அறிமுக விழாவில் தெரிவது விமானத்தின் தோற்றம் மட்டுமே. அது நமக்கு உதவுமா என்பது நம் ஊர் ஓடுபாதையைப் பொறுத்தது. புதுச்சேரியில் முத்தியால்பேட்டைக்கு அருகிலுள்ள லாஸ்பேட்டை விமான நிலையத்தின் ஓடுபாதை சுமார் 1,500 மீட்டரில் முடிந்துவிடுகிறது.

அங்கிருந்து 2024 டிசம்பர் 20 அன்று பெங்களூருக்கும் ஐதராபாத்துக்கும் இண்டிகோ தொடங்கிய சேவைக்கு வந்தது ஏடிஆர் 72. பிரான்சின் துலூஸ் நகரில் உருவாகும் 78 இருக்கை விமானம். ப்ரொப்பல்லரைப் பார்த்ததும் ‘பழைய காலத்து வண்டி’ என்று முகம் சுளிப்பவர்கள் உண்டு. அந்த ஆறு இதழ் ப்ரொப்பல்லரைச் சுழற்றுவதும் டர்பைன் எஞ்சின்தான். ஜெட்டுக்குள் இருப்பதும் அதே வகைதான். வேறுபாடு காற்றைத் தள்ளும் விதத்தில் இருக்கிறது. ஜெட் எஞ்சின் குறைந்த அளவு காற்றை அதிவேகமாகப் பின்னால் வீசுகிறது. ப்ரொப்பல்லர் ஏராளமான காற்றை மிதமான வேகத்தில் தள்ளுகிறது. குறைந்த வேகப் பறத்தலில் இதற்கு எரிபொருள் குறைவாகவே பிடிக்கும். ஏடிஆரின் நீண்ட, நேரான இறக்கையும் குறைந்த வேகத்திலேயே விமானத்தைத் தூக்கிவிடும். பின்னோக்கிச் சாய்ந்த ஜெட் இறக்கை மணிக்கு 800 கி.மீ.க்கு மேல் பறக்க வடிவமைக்கப்பட்டது. தரையை விட்டு எழும்பவே அதற்கு அதிக வேகம் தேவை. ஆகவே நீளமான ஓடுபாதையும் தேவை.

வேகம் குறைவு என்பது உண்மைதான். ஏடிஆர் மணிக்குச் சுமார் 500 கி.மீ. செல்லும். ஆனால் பெங்களூரு விமான நிலையம் வான்வழியில் 270 கி.மீ. தொலைவில்தான் இருக்கிறது. இத்தனை குறைந்த தூரத்தில் ஜெட்டால் மிச்சமாவது கால் மணி நேரம்கூட இராது. ஓடுபாதையை நீட்டினால் பெரிய ஜெட்டே வருமே என்பது இன்னொரு வாதம். வரலாம். அதற்குத் தமிழ்நாட்டு எல்லைக்குள்ளும் நிலம் எடுக்க வேண்டும். அந்தப் பேச்சு பல ஆண்டுகளாக இழுபடுகிறது. நீட்டிய பிறகும் 180 இருக்கைகளை நாள்தோறும் நிரப்பியாக வேண்டும். இந்த ஊரிலிருந்து விமானச் சேவை தொடங்குவதும் நிற்பதுமாகவே இருந்திருக்கிறது. பெரிய விமானம் பாதி காலியாகப் பறப்பதைவிடச் சிறிய விமானம் நிறைந்து பறப்பதுதான் சேவையை நிலைக்க வைக்கும். இன்றைய லாஸ்பேட்டைக்கு ஏடிஆரே சரியான விமானம். முத்தியால்பேட்டைக்காரர்கள் தயங்காமல் ஏறலாம்.