இடைக்கால ஆய்வும் முனைவர் பட்டமும்: ஏரல் வட்டாரத்தை முன்வைத்து ஒரு விளக்கம்

தமிழகத்தின் இடைக்காலத்தை ஆராய்ந்து முனைவர் பட்டம் பெறப் புகும் மாணவர்க்கு முதலில் இடர் விளைப்பது ‘இடைக்காலம்’ என்னும் சொல்லே. ஐரோப்பிய அறிஞர் உரோமப் பேரரசின் வீழ்ச்சி முதல் பதினைந்தாம் நூற்றாண்டு வரையுள்ள ஏறத்தாழ ஆயிரம் ஆண்டுகளை இப்பெயரால் வழங்குவர். அவ்வெல்லை நமக்கு அப்படியே பொருந்துவதன்று. பல்லவரும் பாண்டியரும் எழுச்சியுற்ற ஆறாம் நூற்றாண்டின் பிற்பகுதியிலிருந்து தொடங்குவோர் நம்மவருள் பலர். முடிவெல்லை பற்றி ஒருமித்த கருத்தில்லை. பெயர் பற்றிய இவ்வழக்கில் ஓர் இயல் முழுவதையும் செலவிடும் ஆய்வேடுகள் உள. அது வேண்டாத உழைப்பு என்பது எம் கருத்து. சான்றுகள் எவ்வெல்லையைக் காட்டுகின்றனவோ அவ்வெல்லையே ஆய்வின் எல்லையாதல் சாலும்.

சான்றுகள் என்றவிடத்து மொழிப் பயிற்சியும் எழுத்துப் பயிற்சியும் உடன் எழுகின்றன. மேனாட்டில் இடைக்காலத்தை ஆராய்வோர் இலத்தீன் மொழியும் பழைய கையெழுத்து முறையும் கற்றே ஆய்வில் இறங்குவர். அதற்கு ஈடாக நம் மாணவர் எவற்றைக் கற்றல் வேண்டும்? ஏரலை எடுத்துக்கொள்வோம். தாமிரபரணி கடலை நெருங்குமிடத்தில் உள்ள இவ்வூரைச் சுற்றிக் கொற்கை, பழையகாயல், காயல்பட்டினம், திருச்செந்தூர் முதலிய ஊர்கள் அமைந்துள்ளன. பதின்மூன்றாம் நூற்றாண்டின் இறுதியில் காயல் துறைமுகத்தைக் குறிப்பிட்டவர் மார்க்கோ போலோ. காயல்பட்டினத்தில் அரபுக் கல்வெட்டுக்கள் உள்ளன. ஒன்பதாம் நூற்றாண்டுப் பாண்டியர் சாசனங்களோ வட்டெழுத்தில் அமைந்தவை. இடையிடையே கிரந்தமும் விரவும். ஆதலின் இச்சிறு வட்டாரத்தை ஆராய்வதற்கே தமிழ் ஒன்று மட்டும் போதாது. அனைத்தையும் ஒருவர் கற்றல் அரிது. எனினும் வட்டெழுத்தைத் தாமே படிக்கும் திறன் இன்றியமையாதது. அச்சேறிய பாடத்தையும் அறிக்கைச் சுருக்கத்தையும் மட்டும் நம்பி ஆய்வேடு எழுதுவதால் நேரும் தீங்கை ஓர் எடுத்துக்காட்டால் விளக்குவாம்.

திருச்செந்தூர்க் கோயிலில் வரகுண மகாராசனின் சாசனம் ஒன்றுள்ளது. முருகன் கோயில் வழிபாட்டுச் செலவுக்கென 1,400 காசு பல ஊர்ச் சபைகளிடத்தும் ஊரார்களிடத்தும் பிரித்து ஒப்படைக்கப்பட்டமையை அது கூறும். அவ்வூர்களுள் கொற்கையும் ஒன்று. முதல் கெடாமல் வைத்து, ஒரு காசுக்கு ஆண்டுதோறும் இரண்டு கலம் நெல் பொலிசையாக அளக்கவேண்டும் என்பது ஏற்பாடு. இனி, ஆற்றின் மேற்பகுதியில் உள்ள அம்பாசமுத்திரத்துச் சாசனத்தை நோக்குக. ஆங்கும் வரகுண மகாராசனே 290 காசு அளிக்கிறான். இளங்கோக்குடிச் சபையார் ஆண்டுக்கு 580 கலம் நெல் அளக்கக் கடவர். பொலிசை வீதம் இங்கும் காசுக்கு இரண்டு கலமே.

வீதம் ஒன்றாயிருத்தல் எதைக் காட்டுகிறது? இவ்வினாவுக்கு விடை அவ்வரசன் யார் என்பதைப் பொறுத்தது. முதலாம் வரகுணனா, அவன் பேரனாகிய இரண்டாம் வரகுணனா என்பதில் அறிஞரிடைக் கருத்து வேற்றுமை உண்டு. இரு சாசனங்களும் ஒருவனுடையவாயின், அவ்வீதம் ஓர் அரசன் வகுத்த ஏற்பாடு என்று கூறவே இடமுண்டு. பாட்டனும் பேரனும் தனித்தனியே அளித்தனராயின், அது தலைமுறை கடந்து நிலைத்த நாட்டு வழக்கு என்று கொள்ளலாம். பொருளியல் வரலாறு எழுதும் மாணவரின் முடிபு முழுவதும் இவ்வொரு முடிச்சில் தொங்குகிறது.

இம்முடிச்சை அவிழ்க்கச் சாசனத்தின் சொற்களே துணை. திருச்செந்தூர்ச் சாசனம் குறிப்பிடும் அதிகாரிகளுள் இருப்பைக்குடி கிழவன் ஒருவன். முதலாம் வரகுணனின் மகனான சீமாறன் காலத்து எருக்கங்குடிச் சாசனத்திலும் இப்பெயருடையான் ஒருவன் காணப்படுகிறான். இதனால் திருச்செந்தூர்ச் சாசனம் இரண்டாம் வரகுணனுக்கு உரியது எனத் துணிவோர் உளர். ஆயின் இருப்பைக்குடி கிழவன் என்பது ஊரை ஒட்டிய சிறப்புப் பெயர். தந்தைக்குப்பின் மகனும் தாங்கியிருத்தல் கூடும். இரண்டாம் வரகுணன் அரியணை ஏறிய ஆண்டு 862 என்பது ஐவர்மலைச் சாசனத்தால் தெரிகிறது. அங்கே சக ஆண்டு 792 அவனது எட்டாம் ஆட்சியாண்டாகக் கொடுக்கப்பட்டுள்ளது. திருச்செந்தூரிலும் அம்பாசமுத்திரத்திலும் சக ஆண்டு இல்லை. அம்பாசமுத்திரச் சாசனத்தில் ஆட்சியாண்டு நான்காவதன் எதிர் பன்னிரண்டாவது என்னும் முறையில் வருகிறது. கூட்டிப் பதினாறு என்பர். சுருக்கத்தில் ‘16’ என்பதை மட்டும் காணும் மாணவர்க்கு, இங்கு ஓர் ஆண்டுக்கணக்கு முறை மறைந்திருப்பதே புலனாகாது.

நூற்பதிப்புக்களைத் தேடுவதிலும் ஒரு நுட்பம் உண்டு. பாண்டியர் சாசனங்கள் அடங்கிய தென்னிந்தியக் கல்வெட்டுக்களின் பதினான்காம் தொகுதி 1962-இல் வெளிவந்தது. அதிலும் அதற்கு முந்திய அறிக்கைகளிலும் இவ்வூர்கள் திருநெல்வேலி மாவட்டத்தின்கீழ் வருவன. 1986-இல் தூத்துக்குடி மாவட்டம் தனியே பிரிந்தது. திருவைகுண்டம் வட்டத்தில் இருந்த ஏரல் 2019-இல் தனி வட்டத்தின் தலைமையிடமாயிற்று. இன்றைய பெயரால் தேடுவோர், உள்ளதை இல்லை என்றெழுதிவிடுவர்.

பொருளெல்லை சிறிதாயிருத்தல் குறையன்று. நொபொரு கராசிமா 1966-இல் அல்லூர், ஈசானமங்கலம் என்னும் இரண்டே ஊர்களின் சோழர்காலச் சாசனங்களை ஒப்பிட்டு, பிராமணர் ஊரிலும் வேளாளர் ஊரிலும் நில உரிமை வேறுபட்டமையைப் புலப்படுத்தினார். சுப்பராயலு 1973-இல் வெளியிட்ட நூல், சாசனங்களில் வரும் ஊர்ப்பெயர்களை வரைபடத்தில் இருத்திச் சோழ நாட்டின் நாடுகளை வரையறுத்தது. காவிரிக்கரைக்கு வாய்த்த இத்தகைய உழைப்பு தாமிரபரணிக் கரைக்கு அவ்வளவாக வாய்க்கவில்லை. திருச்செந்தூர்ச் சாசனம் பெயர் கூறும் ஊர்களை மட்டும் இன்றைய நிலத்தில் அடையாளங்கண்டு குறித்தாலும் அது ஒரு தனி இயலுக்குப் போதிய பொருள்.

காலம் பற்றியும் கூறவேண்டும். 2022-ஆம் ஆண்டுப் பல்கலைக்கழக மானியக்குழு விதிகளின்படி, இப்பட்டத்திற்குப் பாடப்பயிற்சி உட்படக் குறைந்தது 3 ஆண்டும், பொதுவாக மிகுதியாக 6 ஆண்டும் உண்டு. வட்டெழுத்துப் பயிற்சிக்கு முதலாண்டைத் தந்தால், கோயில்தோறும் சென்று கல்லோடு பாடத்தை ஒப்பிடுதற்கு இரண்டாமாண்டு வேண்டும். சுவரில் எழுத்துத் தேய்ந்தும் வெள்ளை பூசப்பட்டும் இருக்கும் இடங்களில் பழைய மைப்படியே சான்றாகும். அவை நெடுங்காலம் மைசூரில் இருந்தன. தமிழ்க் கல்வெட்டுப் படிகளைச் சென்னைக்குக் கொணருமாறு உயர்நீதிமன்றத்தின் மதுரைக் கிளை 2021-இல் ஆணையிட்டது. மைப்படியைக் காண இசைவு கேட்கும் விண்ணப்பத்தை, ஆய்வுத் தலைப்புப் பதிவாகும் கிழமையிலேயே அனுப்பிவிடுதல் நன்று.