ரீல் நரம்பை எப்போது மாற்றுவது? ஏரிக்குப் போகுமுன் தெரிந்துகொள்ள வேண்டியவை

தென்னேரி, தாமல், உத்திரமேரூர் என்று காஞ்சிபுரம் மாவட்டத்தின் ஏரிக்கரைகளுக்கு ரீல் தூண்டிலோடு போகிறவர்கள் பலரும் இப்போது பிரெய்டு நரம்புதான் சுற்றுகிறார்கள். அல்லிக்கும் ஆகாயத்தாமரைக்கும் நடுவே ரப்பர் தவளையை வீசி விராலை இழுக்க வேண்டுமானால், மெல்லியதாகவும் நீளாமலும் வலுவாகவும் இருக்கிற நரம்பு வேண்டும். பிரெய்டில் மூன்றும் உண்டு. அதனாலேயே "ஒரு தடவை சுற்றினால் போதும், ஆயுசுக்கும் அறாது" என்ற நம்பிக்கையும் பரவிவிட்டது. இந்த நம்பிக்கை தவறு. தேய்ந்த நரம்பு அறும்போது கொக்கி மீனின் வாயில் தங்கிவிடுகிறது. மிச்ச நரம்பு கருவேல முள்ளில் சிக்கிக்கொண்டு, அடுத்து வரும் நாரையின் காலுக்காகக் காத்திருக்கிறது.

எதனால் ஆனது?

சாதாரண நைலான் நரம்பு ஒற்றை இழை. அது தண்ணீரை உறிஞ்சும், வெயிலில் வலு குறையும், ரீலில் கிடந்து கிடந்து சுருள் விழும். அடிக்கடி மீன்பிடிக்கிறவர்கள் அதை ஆண்டுக்கு ஒருமுறையாவது மாற்றிவிடுவது நல்லது.

பிரெய்டு அப்படியல்ல. டைனீமா, ஸ்பெக்ட்ரா என்ற பெயர்களில் விற்கும் மிக உறுதியான ஒருவகை பாலிஎத்திலின் இழைகளை நான்காகவோ எட்டாகவோ பின்னிச் செய்வது அது. அட்டையில் 4எக்ஸ், 8எக்ஸ் என்று போட்டிருப்பது அந்த இழைகளின் எண்ணிக்கை. பின்னுவதற்குப் பதில் நுண்ணிழைகளைச் சூட்டில் ஒட்டி, மேலே பூச்சுப் பூசிச் செய்வது ஃபியூஸ்டு நரம்பு. இரண்டுமே தண்ணீரில் ஊறி வலு இழப்பதில்லை. வெயிலையும் நைலானைவிட நன்றாகத் தாங்கும். ஆகவே, இத்தனை மாதத்தில் மாற்ற வேண்டும் என்ற கெடு இவற்றுக்குக் கிடையாது. தேய்மானத்தைப் பார்த்துத்தான் முடிவு செய்ய வேண்டும்.

நிறம் வெளுத்தால் மாற்ற வேண்டுமா?

வேண்டியதில்லை. வெளுப்பது மேல்பூச்சும் சாயமும்தான். வலுவைக் குறைப்பது உராய்வு. வற்றிய ஏரியில் வளர்ந்து, தண்ணீர் வந்ததும் மூழ்கிப்போன சீமைக் கருவேலம், மதகின் கான்கிரீட் விளிம்பு, கரைக்கல், மணல் ஆகியவைதான் இழையை அரிக்கின்றன. ராடு வளையத்தில் ஒரு சின்ன விரிசல் இருந்தாலும் ஒவ்வொரு வீச்சிலும் நரம்பைச் சீவிக்கொண்டே இருக்கும். கொஞ்சம் பஞ்சை எடுத்து ஒவ்வொரு வளையத்துக்குள்ளும் சுழற்றிப் பாருங்கள். பஞ்சு எங்கே மாட்டி இழுபடுகிறதோ அங்கே விரிசல் இருக்கிறது. அந்த வளையத்தைச் சரிசெய்யாமல் புது நரம்பு சுற்றினால் காசுதான் வீண்.

விரலால் சோதியுங்கள்

பட்டுப் பாவில் ஓர் இழை நைந்திருந்தால் நெசவாளியின் கண்ணுக்கு முன்னால் விரல் அதைக் கண்டுபிடித்துவிடும். நரம்பையும் அப்படித்தான் பார்க்க வேண்டும். முதல் முப்பது நாற்பது மீட்டரை இரு விரல்களுக்கு நடுவே மெதுவாக ஓடவிடுங்கள்.

• பஞ்சுபோல் மயிர் பிரிந்திருந்தால் சில இழைகள் ஏற்கெனவே அறுந்துவிட்டன. ஃபியூஸ்டு நரம்பில் லேசான மயிர் சீக்கிரமே வரும், அது மட்டுமே மாற்றக் காரணமாகாது. பிரிந்த இடம் மெலிந்தோ, கொழகொழத்தோ இருந்தால் அந்தப் பகுதியை வெட்டிவிட வேண்டும்.

• ஓரிடம் தடிப்பு, அடுத்த இடம் மெலிவு என்று மாறி மாறி வந்தால் பின்னல் குலைந்துவிட்டது.

• தைரியமாக இழுக்கக்கூடிய பாரத்துக்கே மறுபடி மறுபடி அறுந்தால், அறுந்த முனையைப் பாருங்கள். பன்றி வால்போல் சுருண்டிருந்தால் முடிச்சு வழுக்கியிருக்கிறது, நரம்பின்மேல் குற்றமில்லை. பிரெய்டு வழுவழுப்பானது, அதற்கென்று பாலோமார் போன்ற முடிச்சுகள் உண்டு. முனை நைந்து பிரிந்திருந்தால் தேய்மானம்தான்.

சந்தேகம் தீரவில்லையா? ஒரு துண்டு நரம்பில் வாளியைக் கட்டி, தரையிலிருந்து ஒரு சாண் உயரத்தில் தொங்கவிட்டுத் தண்ணீர் ஊற்றுங்கள். ஒரு லிட்டர் தண்ணீர் ஒரு கிலோ. இருபது பவுண்டு என்று போட்ட நரம்பு ஏறக்குறைய ஒன்பது கிலோ தாங்க வேண்டும். முடிச்சு விழுந்த இடத்தில் வலு குறைவது இயல்பு. ஆனால் பாதி எடையான நாலரை லிட்டரைக்கூடத் தாங்காத நரம்பை நம்பி ஏரிக்குப் போகக் கூடாது.

முழுவதையும் எறிய வேண்டாம்

ரீலில் நூற்றைம்பது மீட்டர் இருந்தாலும் வீச்சில் போய்வருவது முன்பகுதி மட்டுமே. உள்ளே கிடப்பது பெரும்பாலும் புதிதாகவே இருக்கும். ஒவ்வொரு முறை திரும்பியதும் நுனியில் நைந்த ஒன்றிரண்டு மீட்டரை வெட்டிவிடுங்கள். முன்பாதி முழுக்கத் தேய்ந்ததும் நரம்பைக் கழற்றித் தலைமாற்றிச் சுற்றுங்கள். உள்பாதி வெளியே வந்துவிடும், அதே காசுக்கு இன்னொரு காலம் ஓட்டலாம். அந்தப் பாதியும் தேய்ந்தபின், அல்லது வெட்டி வெட்டி நரம்பு குறைந்து வீச்சுத் தூரம் சுருங்கியபின் புதிது வாங்குங்கள். சுற்றும்போது அடியில் சில மீட்டர் நைலான் போட்டால் பிரெய்டு ஸ்பூலில் வழுக்காது. கடலுக்குக் கொண்டுபோன நரம்பை நல்ல தண்ணீரில் அலசிக் காயவைக்க வேண்டும்.

உடம்புக்கு வரும் ஆபத்து

மெல்லிய பிரெய்டு கத்தி மாதிரி அறுக்கும். கொக்கி மாட்டிக்கொண்டால் நரம்பைக் கையில் சுற்றி இழுக்கவே கூடாது. ஒரு குச்சியில் சுற்றி, முகத்தைத் திருப்பிக்கொண்டு இழுங்கள். நீளாத நரம்பு திடீரென்று விடுபட்டால் கொக்கி கண்ணுக்கு நேரே பாய்ந்து வரும். முள்ளுள்ள கொக்கி சதையில் ஆழமாக ஏறிவிட்டால் பிடுங்காமல் மருத்துவமனைக்குப் போய் எடுத்து, தடுப்பூசியும் போட்டுக்கொள்ளுங்கள். கார்பன் ராடு மின்சாரம் கடத்தும். மின்கம்பிக்கு அடியில் வீசாதீர்கள். கம்பியில் நரம்பு சிக்கினால் தொடாமல் மின்வாரியத்தின் மின்னகத்துக்கு, 94987 94987 என்ற எண்ணில் சொல்லுங்கள்.

வாங்குபவரின் உரிமை

பாக்கெட்டில் தயாரித்தவர் அல்லது இறக்குமதி செய்தவரின் பெயர், முகவரி, எந்த நாட்டில் செய்தது, எத்தனை மீட்டர், தயாரித்த மாதம், ஆண்டு, அதிகபட்ச விலை, புகார் சொல்ல வேண்டிய தொடர்பு ஆகியவை இருக்க வேண்டும் என்கின்றன 2011-ஆம் ஆண்டின் பொட்டலப் பொருள் விதிகள். இவை இல்லாத நரம்பை வாங்காதீர்கள். இல்லாமல் விற்றால் தொழிலாளர் துறையிடம் புகார் செய்யலாம்.

பில் கேட்டு வாங்குங்கள். பில் தர மறுப்பதும், குறையுள்ள பொருளைத் திரும்ப எடுத்துக்கொள்ள மறுப்பதும் 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி நியாயமற்ற வணிக நடைமுறை. பில்லில் கெடு எதுவும் போடாவிட்டால் முப்பது நாள் கணக்கு. ஆன்லைனில் வாங்கியிருந்தால் அந்த நிறுவனத்தின் குறைதீர் அலுவலர் 48 மணி நேரத்துக்குள் புகாரைப் பெற்றுக்கொண்டதாகச் சொல்லி, ஒரு மாதத்துக்குள் தீர்க்க வேண்டும். தீரவில்லையென்றால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. அதற்கும் மேலே மாவட்ட நுகர்வோர் ஆணையம் இருக்கிறது. நீங்கள் குடியிருக்கும் ஊரிலேயே வழக்குப் போடலாம், காரணம் எழுந்து இரண்டு ஆண்டுக்குள் போட வேண்டும். ஐந்து லட்சம் ரூபாய் வரையான பொருளுக்குக் கட்டணம் கிடையாது. வாளிச் சோதனையைப் புது நரம்பிலேயே செய்து வீடியோ எடுத்து வைத்தால் அது நல்ல சான்று. பயன்படுத்தித் தேய்ந்ததைக் குறை என்று காட்ட முடியாது.

ஏரியும் ஒருவரின் பிழைப்பு

பல ஏரிகளில் மீன்பாசி ஏலம் விடப்படுகிறது. குத்தகை எடுத்தவர் குஞ்சு விட்டு வளர்த்த மீன் அது. அவரிடமோ ஊராட்சியிலோ கேட்டபிறகே தூண்டில் போடுங்கள். கோயில் குளங்களில் வேண்டவே வேண்டாம்.

பழைய நரம்பை என்ன செய்வது?

பறவைச் சரணாலயங்களான வேடந்தாங்கலும் கரிக்கிலியும் 2019-இல் செங்கல்பட்டு மாவட்டத்தோடு போயின, 2022-இல் ராம்சார் ஈரநிலங்கள் ஆயின. அங்கே கூடுகட்டும் பறவைகள் இரைதேடிச் சுற்றுவட்டார ஏரிகளுக்கெல்லாம் வருகின்றன. கரையில் போட்ட பிரெய்டு மக்காது. நாரை, நீர்க்காகம், கூழைக்கடா எதன் காலிலும் இறக்கையிலும் சுற்றும். சிக்கிய பறவையைக் கண்டால் நரம்பை இழுக்காதீர்கள். துணியால் தலையை மூடி, நரம்பை வெட்டி, கால்நடை மருத்துவமனையிலோ வனத்துறையிடமோ ஒப்படையுங்கள்.

கழித்த நரம்பைக் கொளுத்தவும் கூடாது, காற்றாடி விடச் சொல்லிப் பிள்ளைகள் கையில் கொடுக்கவும் கூடாது. காற்றாடிக்குச் செயற்கை இழை மாஞ்சாவைத் தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் 2017-இல் நாடு முழுவதும் தடை செய்தது. இருசக்கர வண்டியில் போகிறவரின் கழுத்தை அது அறுத்துவிடும். நரம்பை விரல் நீளத் துண்டுகளாக வெட்டி, பழைய பாட்டிலில் போட்டு மூடி, உலர் குப்பையில் சேர்த்துவிடுங்கள். பையில் ஒரு கத்தரிக்கோலும் ஒரு காலி பாட்டிலும் எப்போதும் இருக்கட்டும். அடுத்தவர் விட்டுப்போன நரம்பு கண்ணில் பட்டால் அதையும் சேர்த்து எடுத்து வாருங்கள்.