பன்னீர் வடிக்கும் மின்கலன்: தெர்மோஸ்டாட் ஏன் போதாது?

உத்தரப் பிரதேசத்தின் கன்னௌஜ் நகரில் பாரம்பரிய முறையில் அத்தர் வடிப்போர், செப்புக் கலனின் அடியில் எரியும் நெருப்பைக் கூட்டியும் குறைத்தும் வெப்பத்தைச் சீராக வைத்திருக்கின்றனர். வீட்டில் சிறிய அளவில் பன்னீர் வடிக்க மின்சாரத்தைப் பயன்படுத்துவோருக்கும் இதே பக்குவம் தேவை.

இதற்குத் தெர்மோஸ்டாட் போதும் எனப் பலரும் கருதுகின்றனர். ஆனால், கடல்மட்டத்தில் சுமார் 100 டிகிரி செல்சியஸில் கொதிக்கும் நீர், எவ்வளவு வெப்பம் அளித்தாலும் திறந்த கலனில் அதற்கு மேல் சூடேறாது. தெர்மோஸ்டாட்டை 95 டிகிரியில் வைத்தால் நீர் கொதிக்காது. 105 டிகிரியில் வைத்தால் மின்சாரம் நிற்காது.

எனவே, கட்டுப்படுத்த வேண்டியது வெப்பநிலையை அல்ல, மின்திறனையே. 1,000 வாட் சூடேற்றி, வெப்ப இழப்பு இல்லையெனில், கொதிக்கும் நீரில் மணிக்குச் சுமார் 1.6 லிட்டரை ஆவியாக்கும். 500 வாட்டில் அது பாதியாகும். குளிர்விப்பானின் திறனை மிஞ்சி ஆவி எழுந்தால், குளிராத ஆவியோடு நறுமணமும் வெளியேறிவிடும்.

இண்டக்‌ஷன் அடுப்புகள் பல, குறைந்த அளவில் வைக்கும்போது விட்டுவிட்டு இயங்குவதால் கொதிப்பும் விட்டுவிட்டே நிகழும். சாதாரணச் சூடேற்றியுடன் அதன் வாட் அளவைத் தாங்கும் மின்திறன் கட்டுப்பாட்டுக் கருவியை இணைத்தால் கொதிப்பு சீராகும். மின்விசிறி ரெகுலேட்டர் இந்தச் சுமையைத் தாங்காது. தீ விபத்து நேரலாம்.

மின்னழுத்த ஏற்ற இறக்கமும் முக்கியக் காரணி. 230 வோல்ட் 200 வோல்ட்டாகக் குறைந்தால், சூடேற்றியின் திறன் ஏறத்தாழ 24 சதவீதம் சரியும். ஸ்டெபிலைசர் இதனைப் பெருமளவு தவிர்க்கும்.

சூடேற்றி எப்போதும் நீரில் மூழ்கியிருக்க வேண்டும். இதழ்கள் அதில் ஒட்டினால் கருகிய வாடை வீசும் என்பதால், அவற்றை நீர்மட்டத்துக்கு மேல் துளையிட்ட தட்டில் வைப்பது நல்லது. ஆவி வெளியேறும் குழாய் அடைபட்டால் கலன் வெடிக்கக்கூடும். எர்த் இணைப்பும், மின்கசிவைத் துண்டிக்கும் கருவியும் கட்டாயம் தேவை.

இம்முறை பன்னீருக்கும் காய்ச்சி வடித்த நீருக்கும் மட்டுமே உரியது. உரிமமின்றி வீட்டில் மது வடிப்பது சட்டப்படி குற்றம்; அதன் ஆவி எளிதில் தீப்பற்றும்.

குழாயின் முனையில் சொட்டும் நீரைக் கவனித்தாலே கொதிப்பின் நிலையை அறியலாம். நிமிடத்துக்கு விழும் சொட்டுகளின் எண்ணிக்கை மாறாதிருந்தால், வெப்பமும் சீராக இருப்பதாகக் கொள்ளலாம்.