பெயரும் கடவுச்சொல்லும் போதும்: ஹாம் ரேடியோ கணினி வலையில் சேர்வது



2004 டிசம்பர் 26 சுனாமியை நம்மில் யாரும் மறந்திருக்க மாட்டோம். அப்போது அந்தமானில் தொலைபேசித் தொடர்பு அறுந்து போச்சு. ஹாம் ரேடியோ பயணமாக போர்ட் பிளேர் போயிருந்த பாரதி பிரசாத் என்ற பெண்மணி, தன் கருவியை வைத்து அங்கிருந்து செய்திகளை வெளியே அனுப்பினார். ஹாம் ரேடியோ என்றால், அரசுத் தேர்வு எழுதி உரிமம் வாங்கியவர்கள் லாபம் பார்க்காமல் நடத்தும் வானொலித் தொடர்பு. இதுக்கு செல்போன் கோபுரம் தேவையில்லை. பேட்டரியும் ஆன்டெனாவும் இருந்தால் பேசலாம்.

ஆனால் வாயால் சொல்லி எவ்வளவு அனுப்ப முடியும்? முகாமில் 200 பேர் இருந்தால் ஒவ்வொரு பெயராக வாசிக்கணும், அந்தப் பக்கம் ஒருத்தர் எழுதிக்கணும். அதனால்தான் கணினிகளையே ரேடியோவில் இணைக்கும் வழியைக் கண்டுபிடித்தார்கள்.

1980களில் பரவிய 'பாக்கெட் ரேடியோ' அப்படி வந்ததுதான். கணினிக்கும் ரேடியோவுக்கும் நடுவில் ஒரு பெட்டி. வேகம் நொடிக்கு 1200 பிட். வேகம் குறைவு என்பதைக்கூட பொறுத்துக்கலாம், உள்ளே சேர்வதுதான் பெரும்பாடு. பெட்டிக்குக் கட்டளைகளைத் தட்டச்சு செய்யணும். இணைய முறையில் இணைய நினைத்தால், அந்தப் பகுதிப் பொறுப்பாளரிடம் எண் முகவரி கேட்டு வாங்கணும். புதுசா சேர்கிற உறுப்பினரிடம் முதல் நாளே பேரேடு, தீர்மான நோட்டு எல்லாத்தையும் எழுதச் சொன்னால் அடுத்த வாரம் கூட்டத்துக்கு வருவாங்களா?

அமெரிக்காவில் ஹாம்கள் உருவாக்கிய 'ஏ.ஆர்.இ.டி.என்.' என்ற அவசரகாலத் தகவல் வலை இந்தச் சிக்கலைத்தான் அவிழ்த்தது. கடையில் கிடைக்கும் சில வகை வைஃபை கருவிகளில் இவர்களுடைய இலவச மென்பொருளை ஏற்றணும். பிறகு உங்கள் அழைப்புக் குறியோடு ஒரு பெயர், ஒரு கடவுச்சொல். முக்கியமாகக் கொடுக்க வேண்டியது இவ்வளவுதான். எண் முகவரியைக் கருவியே போட்டுக்கும். பக்கத்தில் இருக்கும் மற்ற கருவிகளையும் அதுவே தேடிக் கண்டுபிடிக்கும். ஒரு கருவி நின்று போனாலும், வேறு பாதை இருந்தால் செய்தி அந்த வழியாகப் போய்ச் சேரும். பட்டியல், படம், தொலைபேசிப் பேச்சு எல்லாம் இதில் போகும்.

அந்த மென்பொருளை ஏற்றும் வேலை மட்டும் இன்னும் கொஞ்சம் நெளிவுசுளிவானது. தெரிந்தவர் ஒருத்தர் பக்கத்தில் உட்கார்ந்து முதல் தடவை செய்து கொடுப்பதே நல்லது.

இன்னொரு சங்கடம், ஒரு ஆன்டெனாவுக்கு இன்னொன்று நேராகத் தெரியணும். நடுவில் மரமோ மாடியோ மறைத்தால் அலை வலுவிழந்து போயிடும். அப்படிப்பட்டவர்களுக்காக இணையம் வழியாகவே வலையில் சேரும் குறுக்கு வழி ஒன்று வைத்திருக்கிறார்கள். பழகிப் பார்க்க ரொம்ப வசதி. ஆனால் புயலில் இணையம் போனால் அந்த வழியும் கூடவே போயிடும். எளிது என்பதற்காக அதை மட்டும் நம்பியிருப்பது சரியில்லை என்பது என் எண்ணம்.

ஹாம் அலைவரிசையில் செய்தியை மறைத்து அனுப்புவதற்கும், வியாபாரம் பேசுவதற்கும் அனுமதி கிடையாது. அதனால் வங்கிக் கணக்கு ரகசிய எண் மாதிரி விஷயங்களை இதில் அனுப்பவே கூடாது.

நம் நாட்டில் உரிமத் தேர்வை மத்தியத் தொலைத்தொடர்புத் துறை நடத்துகிறது. இரண்டு நிலைகளில் கீழ்நிலைத் தேர்வுக்கு, 'கட்டு கடா' என்று தட்டும் மோர்ஸ் தந்தி முறை தெரிந்திருக்க வேண்டியதில்லை.