ஐந்நூறு வயசு மட்டி

மெட்டலர்ஜி லேபில் ஒரு பீஸை வெட்டி, எமரி பேப்பரில் தேய்த்து, பாலிஷ் போட்டு, ஆசிட் வைத்து மைக்ராஸ்கோப்பில் பார்க்கிறோம் அல்லவா? கடல் உயிரியல்காரர்கள் மட்டி ஓடுகளையும் அப்படியேதான் பார்க்கிறார்கள்.

ஐஸ்லாந்துப் பக்கம் குளிர்கடலின் அடிமணலில் புதைந்து வாழும் 'ஆர்க்டிகா இஸ்லாண்டிகா' என்ற மட்டியின் ஓட்டில், மரத்தில் விழுவது மாதிரி, வருஷத்துக்கு ஒரு வளையம் விழும். அந்த வருஷம் கடல் எப்படி இருந்ததோ அதற்கேற்ப அகலமாகவோ ஒடுக்கமாகவோ இருக்கும்.

கடலடியில் கிடக்கும் வெற்று ஓடு போதாதா, உயிரோடு எதற்குப் பிடிக்கணும்? எனக்கும் இந்தச் சந்தேகம் வந்தது. வெற்று ஓட்டிலும் வளையத்தை எண்ணலாம்தான். ஆனால் அது செத்தது எந்த வருஷம்? உயிரோடு பிடித்ததில் கடைசி வளையம் பிடித்த வருஷத்தது. அங்கிருந்து பின்னோக்கி எண்ணினால் ஒவ்வொரு வளையத்துக்கும் வருஷம் போட்டுவிடலாம். வளைய வரிசை பொருந்துகிற பழைய ஓடுகளையும் அதோடு கோத்து, ஆயிரம் வருஷத்துக்கு மேலான கடல் கணக்கையே எழுதிவிட்டார்கள்.

2006-ல் பிரிட்டனின் பேங்கர் பல்கலைக்கழகத்தார் பிடித்த ஒரு மட்டிக்கு முதலில் 405 வயசு என்றார்கள். கீல் பக்கம் வளையங்கள் நெருக்கியடித்துக் கிடந்ததால் வந்த வினை! 2013-ல் ஓட்டின் விளிம்பில் எண்ணினால் 507. அதாவது வாஸ்கோடகாமா கோழிக்கோடு வந்ததற்கு மறு வருஷம், 1499-ல் பிறந்தது. பெயர் 'மிங்'.

கப்பலிலேயே உறைய வைத்ததில் அது செத்துப்போனது. கிழவரைக் கொன்றுவிட்டார்கள் என்று பத்திரிகைகள் திட்டின. எனக்கும் பாவமாகத்தான் இருக்கிறது. ஆனால் ஓட்டை வெட்டிப் பார்க்காமல் வயசு தெரியாதே. இதே இன மட்டியை அமெரிக்காவில் டன் டன்னாகப் பிடித்து சூப் வைக்கிறார்கள். அதில் எத்தனை கிழவர்கள் போனார்களோ, யார் எண்ணினார்கள்?