மீன் உணவும் பாரிசவாயுவும்

நெசவாளரானாலும் உழவரானாலும் நம் அங்கத்தினர்களுக்குக் கை கால்களே முதல். ஒருநாள் காலையில் வலக்கையைத் தூக்க இயலாமல், நாக்குக் குழறிப் படுக்கையில் சாய்ந்துவிட்டால், தறி நின்றுபோகும். வயல் வேலை நின்றுபோகும். கடன் தவணை மட்டும் நிற்காது. பாரிசவாயு, பக்கவாதம் என்று நாம் சொல்லும் இந்நோயை மீன் உண்டு தடுக்கலாம் என்ற பேச்சு எங்கும் இருக்கிறது. மீனெண்ணெய் மாத்திரைகளைக் காசு கொடுத்து வாங்கி விழுங்குவோரும் பலர். இதில் உண்மை எவ்வளவு என்று அறிந்துகொள்வது நமக்கு நலம்.

நோயின் தன்மை

மூளைக்குச் செல்லும் இரத்தக் குழாய் அடைபட்டாலும் வெடித்தாலும் பாரிசவாயு உண்டாகும். பெரும்பாலும் நேர்வது அடைப்பே. இரண்டுக்கும் தலையாய காரணம் இரத்தக் கொதிப்பு. மத்தி, அயிலை போன்ற மீன்களில் ஒமேகா 3 என்னும் ஒருவகைக் கொழுப்பு மிகுந்துள்ளது. இரத்தம் எளிதில் கட்டியாக உறைவதை இது ஓரளவு தடுக்கும். ஆகவே அடைப்பையும் தடுக்கக்கூடும் என்பது வைத்திய அறிஞர்களின் எண்ணம்.

இரு நாடுகளின் அனுபவம்

1970இல் பாங், டையர்பெர்க் என்னும் டென்மார்க் நாட்டு மருத்துவர் இருவர் கிரீன்லாந்துக்குச் சென்று, கடல்நாயும் திமிங்கிலமும் மீனும் உண்டு வாழ்ந்த இன்யூட் மக்களின் இரத்தத்தைச் சோதித்தனர். அம்மக்களிடையே மாரடைப்பு அரிது என்ற கருத்து அதன்பின் உலகெங்கும் பரவியது. மீனெண்ணெயின் புகழுக்கு அதுவே தொடக்கம். ஆனால் பிற்கால ஆராய்ச்சிகளில், அங்கே பாரிசவாயுவால் இறந்தோர் தொகை மேனாடுகளை விடக் குறைவாக இல்லை, அதிகமாகவே இருந்தது என்று தெரியவந்தது.

ஜப்பானின் கதை இன்னும் தெளிவானது. மீன் உண்பதில் பேர்பெற்ற அந்நாட்டில் 1951 முதல் 1980 வரை மரணத்தின் முதற் காரணமாக இருந்தது பாரிசவாயுவே. உப்பிட்ட மீனும் ஊறுகாயும் மிகுதியாக உண்ட வடபகுதியில் ஒருவர் நாளொன்றுக்கு 25 கிராமுக்கு மேல் உப்பு உண்டதாகக் கணக்கிட்டனர். உப்பைக் குறைத்து, இரத்தக் கொதிப்புக்கு முறையாக மருத்துவம் செய்தபின் நோய் வெகுவாகத் தணிந்தது. மீன் செய்யும் நன்மையை உப்பு கெடுத்துவிடும் என்பதே நாம் கொள்ள வேண்டிய பாடம்.

மீன் உண்போர் நிலை

அமெரிக்காவில் 79,839 செவிலியரை 14 ஆண்டுகள் கவனித்து வந்தனர். மாதம் ஒரு முறைகூட மீன் உண்ணாதவர்களை விட, வாரம் இரண்டு முதல் நான்கு முறை உண்டவர்களுக்குப் பாரிசவாயு சுமார் கால் பங்கு குறைவாக இருந்ததாக 2001இல் அறிவித்தனர். மீன் உண்போர் வேறு நல்ல பழக்கங்களும் உடையவராக இருக்கலாம். எனவே முழுப் பயனும் மீனுடையதே என்று சொல்லிவிட இயலாது. 65 வயது கடந்தோரிடம் நடத்தி 2005இல் வெளியிட்ட மற்றோர் ஆராய்ச்சியில், சுட்ட மீன் உண்டவர்களுக்கு அடைப்பு நோய் குறைவாகவும், பொரித்த மீனை அடிக்கடி உண்டவர்களுக்கு அதிகமாகவும் இருந்தது. ஆகவே சமைக்கும் முறையையும் நாம் கவனித்தல் அவசியம்.

மாத்திரை பயன்படுமா?

அமெரிக்காவில் 25,871 பேரைக் கொண்டு ஐந்தாண்டுகளுக்கு மேல் நடந்த சோதனையின் முடிவு 2018இல் வெளிவந்தது. தினமும் 1 கிராம் மீனெண்ணெய் உண்டும் பாரிசவாயு குறையவில்லை. பிரிட்டனில் நான்கு லட்சத்துக்கு மேற்பட்டோரின் விவரங்களை ஆராய்ந்து 2024இல் வெளியிட்ட கட்டுரையோ, இருதய நோய் இல்லாதவர்களில் மீனெண்ணெய் உண்டோருக்கு இருதயத் துடிப்பு தாறுமாறாகும் நோயும் பாரிசவாயுவும் சற்று அதிகமாகக் காணப்பட்டன என்றது. துடிப்பு அவ்வாறு கெட்டால் இருதயத்தில் இரத்தம் கட்டி மூளைக்கு ஏறும் அபாயம் உண்டு. இரத்தத்தில் கொழுப்பு மிகுந்த சிலருக்குச் சுத்திகரித்த ஒருவகை மருந்தை மருத்துவர் எழுதிக் கொடுப்பதுண்டு. அது வேறு விஷயம். நாமாகக் கடையில் வாங்கி உண்பது வீண் செலவு.

நாம் செய்யத் தக்கவை

மீன் உண்ணும் குடும்பத்தார் வாரம் இரு முறை மத்தியோ அயிலையோ வாங்கிக் குழம்பு வைத்து உண்ணலாம். விலை உயர்ந்த மீன்தான் வேண்டுமென்பதில்லை. பொரிப்பதைக் குறைப்பது நல்லது. கருவாட்டில் உப்பு மிகுதி. இரத்தக் கொதிப்பு உள்ளவர்கள் அதைத் தவிர்ப்பதே சிறந்தது. சைவ உணவினர் இதற்காக மீனுண்ணத் தொடங்க வேண்டியதில்லை. உப்பைக் குறைத்தலும், புகையிலையை விடுதலும், காய்கனி பருப்பு உண்ணுதலும் அனைவருக்கும் பொது.

அனைத்திலும் மேலானது, முப்பது வயது கடந்த ஒவ்வோர் அங்கத்தினரும் அருகிலுள்ள ஆரம்ப சுகாதார நிலையத்தில் இரத்த அழுத்தம் பார்த்துக்கொள்வது. மருந்து தந்தால் இடையில் நிறுத்தலாகாது.

முகம் ஒருபுறம் கோணினாலும், ஒரு கை தளர்ந்தாலும், பேச்சுக் குழறினாலும் எண்ணெய் தேய்த்துக் காத்திருக்க வேண்டாம். அடைப்பைக் கரைக்கும் மருந்தை நாலரை மணி நேரத்துக்குள் செலுத்தியாக வேண்டும். உடனே 108 ஊர்தியை அழைத்துப் பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டு செல்லுங்கள். அந்த நேரத்தில் காட்டும் விரைவு ஒரு குடும்பத்தின் பிழைப்பையே காப்பாற்றும்.