பிள்ளைத்தாச்சியின் வயதும் சலரோகமும்

"மூத்ததுகள் ரெண்டுக்கும் எனக்குச் சீனி இருக்கேல்லை, டொக்டர்." நெடுந்தீவு, நயினாதீவு, ஊர்காவற்றுறைப் பக்கமிருந்து ஏழாம் மாதம் கழிந்தபின் வந்துசேரும் தாய்மார் பலர் சொல்வது இதைத்தான். மூத்த பிள்ளை பிறக்கும்போது வயது 26. இப்போது 37. இடையில் போன 11 வருடங்களை ஒருவரும் கணக்கில் எடுப்பதில்லை.

கர்ப்பத்தில் சுரக்கும் ஓமோன்கள் இன்சுலினை வேலை செய்ய விடாது. 26 வயதில் கணையம் கூடுதலாகச் சுரந்து ஈடுகொடுத்திருக்கும். வயது ஏற ஏற அந்தச் சக்தி குறைகிறது. பேறுகளுக்கிடையில் கூடிய உடல் எடையும் சேர்ந்துகொள்கிறது.

35 வரை பொறுக்காது

ஆபத்துக் குறைந்த பெண்களுக்குச் சோதனை வேண்டாம் என்று அமெரிக்க நீரிழிவுச் சங்கம் சொல்லிவந்த காலத்தில்கூட, அந்த விலக்கு 25 வயதுக்குக் கீழானவர்களுக்கு மட்டுமே. எங்களைப் போலச் சலரோகம் மலிந்த சமூகங்களுக்கு அதுவும் இல்லை. சீதனம் சேர்த்து, வெளிநாட்டு மாப்பிள்ளையின் விசாவுக்குக் காத்திருந்து, முப்பது கடந்து முதல் பிள்ளை காணும் பெண்கள் எங்களிடம் வருகிறார்கள். அது அவர்களின் பிழையல்ல. ஆனால் அவர்கள்தான் முதலில் சோதிக்கப்பட வேண்டியவர்கள்.

குறிஞ்சாவும் மாமியின் குளிசையும்

பனங்கட்டி கடித்துத் தேத்தண்ணி குடித்தால் சீனி ஏறாது என்பது பச்சைப் பொய். குரக்கன் புட்டு என்றால் எவ்வளவும் சாப்பிடலாம் என்பதும் அப்படியே. குறிஞ்சா இலையைச் சுண்டிச் சோற்றோடு உண்பது வேறு. அதை அவித்துக் கிண்ணம் கிண்ணமாகக் குடித்துவிட்டு கிளினிக்குக்கு வராமல் இருப்பது வேறு. கர்ப்பிணிக்கு அது பாதுகாப்பான மருந்து என்று எவரும் நிறுவவில்லை.

மாமியின் சலரோகக் குளிசையில் பாதியை விழுங்கிவிட்டு வருபவர்களைக் கண்டால் எனக்குக் கோபம் வருகிறது. யாருக்கோ எழுதிய குளிசை அது! தாயின் சீனி திடீரென விழுந்தால், நடுக்கடலில் யார் பார்ப்பது?

இன்சுலின் ஊசி பிள்ளையைத் தாக்கும் என்று பயப்படுகிறார்கள். இன்சுலின் நச்சுக்கொடியைத் தாண்டிப் பிள்ளைக்குப் போவதில்லை. தாண்டிப் போவது தாயின் சீனிதான். ஸ்கானில் பிள்ளை நாலு கிலோ என்றதும் வீட்டில் சந்தோஷம். தாயின் சீனியில் ஊதிய பிள்ளையென்றால், தலை வந்தபின் தோள் சிக்கலாம், பிறந்த சில மணித்தியாலத்தில் அதன் சீனி விழலாம்.

சோதனை

முதல் கிளினிக்கில் ஒருமுறை, 24 முதல் 28 கிழமைக்குள் 75 கிராம் குளுக்கோஸ் குடித்து இன்னொருமுறை. உலக சுகாதார நிறுவனத்தின் 2013 அளவுப்படி வெறும் வயிற்றில் 92 mg/dl, ஒரு மணித்தியாலத்தில் 180, இரண்டில் 153, இவற்றில் ஒன்றை எட்டினாலும் கர்ப்பகாலச் சலரோகம்.

வெறும் வயிறும் கடலும்

நெடுந்தீவிலிருந்து குறிகட்டுவானுக்கு ஒரு மணித்தியாலப் படகு. வெறும் வயிற்றில் சத்தி வரும், தெரியும். வழியில் ஒரு பணிஸ் கடித்தால் சோதனை பிழைக்கும். அதைச் சொல்லக் கூச்சப்பட்டு மறைக்காதீர்கள், தங்கச்சிமாரே. முதல்நாளே யாழ்ப்பாணத்தில் சொந்தக்காரர் வீட்டில் தங்குங்கள். கடல் குழம்பித் திகதி தவறினால் அன்றே குடும்பநல உத்தியோகத்தரிடம் சொல்லுங்கள். கணவன்மாரே, அந்த ஒருநாள் தொழிலுக்குப் போகாமல் கூட வாருங்கள்.

கர்ப்பத்தில் சலரோகம் வந்தவர்களுக்குப் பின்னாளில் நிரந்தரச் சலரோகம் வரும் வாய்ப்பு, வராதவர்களைவிட 7 மடங்குக்கும் அதிகம். பேறு முடிந்து 6 முதல் 12 கிழமைக்குள் மறுபடி சோதிக்க வேண்டும். இரண்டாம் மாதத்தில் பிள்ளைக்குத் தடுப்பூசி போடத் தவறாமல் வருகிறீர்கள் அல்லவா? அன்று காலை சாப்பிடாமல் வந்து, உங்கள் கையையும் ஒருதரம் நீட்டுங்கள்.